பழைய கேம்களுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஸ்பாக்ஸ் இருக்கும்போது பழைய இரும்பை ஏன் தேடி அலைய வேண்டும்?

தேவையில்லைதான். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் கேம்களை விளையாடினால் போதும் என்பவருக்கு, அதை இன்றைய கம்ப்யூட்டரில் போலச்செய்யும் டாஸ்பாக்ஸ் தாராளம். 86பாக்ஸ் என்ற மென்பொருள் ஒரு முழு பழைய கம்ப்யூட்டரையே, பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை நிரல்) உட்பட, திரைக்குள் கொண்டுவந்துவிடும். கொஞ்ச நாள் இவற்றில் விளையாடிப் பாருங்கள். ஆசை அதோடு அடங்கிவிட்டால் காசும் இடமும் மிச்சம்.

அடங்கவில்லை என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். 1995 முதல் 2002 வரை வந்த விண்டோஸ் கேம்களில்தான் எம்யுலேஷன் (இப்படி மென்பொருளில் போலச்செய்வது) அதிகம் தடுமாறும். நிஜ வன்பொருளில் அவை உட்கார்ந்த மாதிரி ஓடும். அதோடு, பாகங்களைப் பூட்டுவதே பாதிச் சுகம்.

முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, விளையாட நினைக்கும் கேம்களின் பெயரையும் அவை வெளிவந்த ஆண்டையும் எழுதுங்கள். பத்துப் பெயர் போதும். அந்த ஆண்டுகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். 1992 வரை என்றால் 386 அல்லது 486 செயலி. 1993 முதல் 1996 வரை என்றால் வேகமான 486 அல்லது பென்டியம். 1997 முதல் 2001 வரை என்றால் பென்டியம் 2 அல்லது 3, விண்டோஸ் 98. அதற்குப் பிறகு விண்டோஸ் எக்ஸ்பி.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர்பெற்ற ஒரு கார்டை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்ற போர்டையும் கேமையும் தேடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அந்தக் கார்டு இரண்டு வருடம் டிராயரில் தூங்கியது.

எல்லாக் கேமும் ஓடும் ஒரே பெட்டி சாத்தியமில்லையா?

முழுமையாக இல்லை. பழைய கேம்களில் பல, செயலியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. 1990இல் வந்த விங் கமாண்டரை பென்டியம் 3இல் ஓட்டினால் எதிரி விமானம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் இன்னொரு வகை: ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலியில் ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லித் தொடக்கத்திலேயே படுத்துவிடும். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் இடத்தில் எண் பெரிதாகி வழிந்துவிடுவதுதான் காரணம். அதற்குத் திருத்த நிரல்கள் கிடைக்கின்றன.

ஆனால் ஒரே பெட்டியில் நிறையவே சாதிக்கலாம். பயாஸிலோ ஒரு சிறிய நிரல் மூலமோ செயலிக்குள் இருக்கும் எல்1 கேஷ் என்ற வேக நினைவகத்தை அணைத்தால், பென்டியம்கூட ஏறக்குறைய 386 அளவுக்கு மெதுவாகிவிடும். ஏஎம்டியின் கே6-2 பிளஸ், கே6-3 பிளஸ் இரண்டிலும் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணையே டாஸில் இருந்தபடி மாற்றலாம். வியா சி3யும் அப்படித்தான். ஒரே பெட்டிதான் வைக்க முடியும் என்பவருக்கு என் பரிந்துரை, சூப்பர் சாக்கெட் 7 என்ற செயலிச் செருகிடம் உள்ள போர்டில் கே6 பிளஸ் வகைச் செயலி. கிடைப்பது அரிது, அதுதான் சிக்கல். கிடைக்காவிட்டால் பென்டியம் 3 போர்டை வைத்துக்கொண்டு, 1992க்கு முந்தையவற்றை டாஸ்பாக்ஸுக்கு விட்டுவிடுங்கள். மனசுக்கு ஒப்பாவிட்டாலும் நடைமுறையில் இதுவே நிம்மதி.

மதர்போர்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்லாட்டுகளை, அதாவது கார்டுகளைச் செருகும் இடங்களை. மற்ற எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், போர்டை மாற்றினால் எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட வேண்டும். டாஸ் கேம்களுக்கு நல்ல சத்தம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட் ஒன்றாவது இருக்க வேண்டும். முப்பரிமாணக் கேம்களுக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கென்றே வந்த ஏஜிபி ஸ்லாட் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்த காலம் குறுகியது. ஏறக்குறைய 1997 முதல் 2001 வரை.

அந்தக் குறுகிய காலத்தின் ராஜா, 1998இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்புகள்). ஏஜிபி, நாலைந்து பிசிஐ (ஐஎஸ்ஏவுக்கு அடுத்து வந்த ஸ்லாட்), இரண்டு மூன்று ஐஎஸ்ஏ, எல்லாம் ஒரே போர்டில் கிடைக்கும். விண்டோஸ் 98 சிடியிலிருந்தே அதற்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும், டிரைவர் தேடி அலைய வேண்டாம். அதன் புகழுக்குக் காரணம் வேகம் இல்லை, தொல்லை தராத குணம்தான். ஏஎம்டி அத்லான் போர்டுகளிலும் சிலவற்றில் ஒரே ஒரு ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்கும், ஓரத்தில், கறுப்பாக, நீளமாக. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பெரிய கம்பெனிகளின் தயார்நிலைக் கம்ப்யூட்டர்களும் மோசமில்லை. தனித்தனியாகப் பாகம் தேடுவதைவிட மலிவாக முடியும். ஆனால் அவற்றில் பவர் சப்ளையின் கனெக்டர் சில நேரம் பார்ப்பதற்கு ஏடிஎக்ஸ் என்ற பொதுவான வகையைப் போலவே இருந்து, உள்ளே வயர் வரிசை மட்டும் மாறியிருக்கும். வேறு சப்ளையைச் செருகினால் புகைதான் வரும். வயர் நிறங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

ராம் எவ்வளவு போதும்?

‘கூடக் கூட நல்லது’ என்ற இந்தக் காலப் பழக்கம் இங்கே உதைக்கும். டாஸுக்கு 16 எம்பி ஏராளம். 430டிஎக்ஸ் போன்ற சில பென்டியம் சிப்செட்டுகள் முதல் 64 எம்பிக்கு மட்டும்தான் கேஷ் வசதி தரும். அதற்கு மேல் போட்டால் கம்ப்யூட்டர் மெதுவாகும். விண்டோஸ் 98க்கு 256 எம்பி போதும். 512 எம்பியைத் தாண்டினால் அதன் கேஷ் மேலாளர் குழம்பி, ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லும். நினைவகம் அதிகமானதால் வந்த கோளாறு அது!

இன்னொன்று. 440பிஎக்ஸ் போர்டில் 256 எம்பி ராமைப் போட்டால் 128 என்று மட்டும் காட்டுகிறதா? ராம் கெடவில்லை. அதில் எட்டு சிப் மட்டும் இருக்கும். இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் உள்ளதைத் தேடுங்கள். இந்தச் சிப்செட்டுக்கு அந்த அடர்த்திதான் புரியும்.

கிராபிக்ஸ் கார்டு?

டாஸ் மட்டும் என்றால் எஸ்3 டிரையோ64 போன்ற சாதாரண பிசிஐ கார்டு. பொருத்தத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, விலையும் குறைவு.

விண்டோஸ் 98க்கு என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 2 முதல் ஜிஃபோர்ஸ் 4 வரை எதுவானாலும் நிம்மதி. ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரிசையும் பரவாயில்லை. அதற்கு அடுத்த 6 வரிசைக்குப் போகாதீர்கள். 98இல் அது ஓடும், ஆனால் பழைய கேம்கள் நம்பியிருந்த இரண்டு வசதிகள் அதில் எடுக்கப்பட்டுவிட்டன. ஒன்று, மூடுபனியை வரையும் பழைய முறை. இன்னொன்று, 256 வண்ணத் தட்டு வைத்த டெக்ஸ்சர்கள் (உருவங்களின் மேல் ஒட்டப்படும் படங்கள்). அதனால் புதிய கார்டில் பனி காணாமல் போய், தொலைவில் இருக்க வேண்டிய மலை திடீரென்று மொட்டையாக நிற்கும்.

வூடூ கட்டாயம் வேண்டுமா?

கட்டாயமில்லை. இருந்தால் தனி மகிழ்ச்சி. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996இல் முதல் வூடூ முப்பரிமாணக் கார்டையும் 1998இல் வூடூ 2ஐயும் கொண்டுவந்தது. கேம்கள் அவற்றோடு பேசுவதற்கென்றே கிளைடு என்ற தனி வழி. கிளைடுக்கு மட்டும் எழுதிய கேம்கள் வேறு கார்டில் அந்த அழகோடு ஓடாது. முதல் இரண்டும் முப்பரிமாணத்துக்கு மட்டும்தான். சாதாரணப் படத்துக்கு இன்னொரு கார்டு வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு சின்ன கேபிளால் இணைக்க வேண்டும். கேம் தொடங்கும்போது சில கார்டுகளுக்குள் ஒரு ரிலே ‘டிக்’ என்று மாறும். அந்த டிக் சத்தத்துக்காகவே காசு கொடுக்கிறவர்கள் உண்டு.

நடுவழி ஒன்று இருக்கிறது: 1999இன் வூடூ 3. சாதாரணப் படமும் முப்பரிமாணமும் ஒரே கார்டில். 16 பிட் வண்ணம்தான், டெக்ஸ்சர் அளவுக்கும் வரம்பு உண்டு. ஆனால் 1999 வரையிலான கேம்களுக்கு அது குறையாகத் தெரியாது. 2000 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது, அதோடு புதிய டிரைவர்களும் நின்றுவிட்டன. இன்று விலை ஏறிக்கிடப்பதால், அவசரப்பட்டு இதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். நவீனக் கம்ப்யூட்டரில் என்கிளைடு, டிஜிவூடூ போன்ற மாற்று நிரல்களே கிளைடு கேம்களை அழகாக ஓட்டுகின்றன.

ஏஜிபி ஸ்லாட்டில் எந்த ஏஜிபி கார்டையும் போடலாமா?

கூடாது. இதைப் படிக்காமல் போர்டை எரித்தவர்கள் பலர். தொடக்க கால ஏஜிபி கார்டுகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை, பின்னால் வந்தவை 1.5 வோல்ட். பென்டியம் 4க்கான 845, 850 போன்ற சிப்செட்டுகள் 1.5 மட்டுமே தாங்கும். அதில் 3.3 வோல்ட் கார்டைப் போட்டால் போர்டுக்கு ஆபத்து. கார்டின் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துத் தடுக்கத்தான் ஏற்பாடு, ஆனால் தப்பாக வெட்டப்பட்ட கார்டுகளும் அந்தக் காலத்தில் வந்தன. வூடூ 3 ஒரு 3.3 வோல்ட் கார்டு. அதை 440பிஎக்ஸ் போர்டோடு சேர்த்தால் பயமில்லை.

சவுண்ட் கார்டில் எது நல்லது?

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பழைய கேமின் உயிர் பாதி அதன் சத்தத்தில் இருக்கிறது.

டாஸ் கேம் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும், நடுவில் டிரைவர் என்ற தரகர் இல்லை. முகவரி 220, ஐஆர்க்யூ (கார்டு செயலியைக் கூப்பிடும் வழி) 5 அல்லது 7, டிஎம்ஏ (நினைவகத்துக்கு நேர்வழி) 1 என்று கேமின் செட்டப்பில் நீங்களே சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நிஜமாகவே சவுண்ட் பிளாஸ்டரோ அதைப் போலவே நடிக்கத் தெரிந்த கார்டோ இருக்க வேண்டும். ஐஎஸ்ஏ கார்டுக்கு இது கைவந்த கலை. பிசிஐ கார்டுகள் பெரும்பாலும் ஒரு நிரலை நினைவகத்தில் உட்காரவைத்து ஏமாற்றப் பார்க்கும், பாதிக் கேம்கள் ஏமாறும், மீதி தொங்கிவிடும். யமஹாவின் 724, 744 சிப் வைத்த பிசிஐ கார்டுகள் மட்டும், பொருத்தமான போர்டில், ஓரளவு நன்றாகவே நடிக்கும்.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 வரிசையிலேயே சில பதிப்புகளில் மிடி (கருவிகள் இசைக்குறிப்பைப் பரிமாறும் முறை) வழியாக வெளிக் கருவியை இணைத்தால் ஒரு சுரம் நிற்காமல் ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டே போகும் கோளாறு உண்டு. சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவுக்காக எழுதிய ஸ்டீரியோ சத்தமும் 16இல் ஸ்டீரியோவாக வராது. ஏடபிள்யூஇ64 விலை உயர்ந்த கார்டு, ஆனால் அதில் ஓபிஎல்3 என்ற நிஜமான இசைச் சிப் இல்லை, அதன் போலிதான். டாஸ் கேம்களின் அந்த உலோகம் கலந்த இசைக்கு யமஹா ஒய்எம்எஃப்262 என்று பொறித்த ஓபிஎல்3 சிப் கார்டில் இருந்தால் நிம்மதி.

என் கையில் பல கார்டுகள் வந்துபோன பிறகு நிலைத்தது, யாரும் திரும்பிப் பார்க்காத ஈஎஸ்எஸ் ஆடியோடிரைவ் 1868 கார்டு. சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவாக அச்சு அசலாக நடிக்கும், இரைச்சல் குறைவு, டாஸில் அமைக்கவும் சுலபம். யமஹா 718, 719 சிப் உள்ளவையும் இதே ரகம். பிரபலமான பெயர் இல்லாததால் மலிவு.

விண்டோஸ் 98 கேம்களுக்கு இரண்டாவதாக ஒரு பிசிஐ கார்டு போடுங்கள். 1998இன் சவுண்ட் பிளாஸ்டர் லைவ், அல்லது அதே ஆண்டின் ஆரியல் வோர்டெக்ஸ் 2. பின்னாலிருந்து வரும் காலடிச் சத்தத்தை ஹெட்போனில் பின்னாலேயே கேட்க வைத்ததில் வோர்டெக்ஸ் 2 இன்றும் ஆச்சரியம்தான்.

ரோலண்ட் எம்டி-32 வாங்கலாமா?

1987இல் வந்த இசைக்கருவி அது. 1988 முதல் 1992 வரையிலான சாகசக் கேம்கள் பலவற்றின் இசை அதிலேயே எழுதப்பட்டது. கேட்டால் சொக்கிப்போவீர்கள். ஆனால் அதன் ஒலியை முன்ட் என்ற மென்பொருள் மிக நெருக்கமாகக் கொண்டுவருகிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கம்ப்யூட்டரில் அதை ஓட்டிப் பழைய கம்ப்யூட்டரின் மிடி வாயிலில் இணைக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க் தேவையா?

அந்தக் கரகர சத்தம் பிடித்தால் வையுங்கள், ஆனால் அதை நம்பி எதையும் சேமிக்காதீர்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை, மின்முறையில் பார்த்தால், ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு முறை) டிஸ்கேதான். மலிவான ஒரு அடாப்டரில் செருகினால் போதும். டாஸுக்கு ஒன்று, 98க்கு ஒன்று என்று இரண்டு அட்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செருகுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வாங்கும்போது அது நிலையான டிஸ்க்காகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வகையா என்று பாருங்கள், இல்லையேல் விண்டோஸ் முரண்டு பிடிக்கும்.

அளவுக்கும் வரம்புகள் உண்டு. பல 486 பயாஸ்களுக்கு 504 எம்பிக்கு மேல் தெரியாது. அடுத்த தலைமுறைக்கு 8 ஜிபி, அதற்கடுத்ததற்கு 32 ஜிபி. டாஸ் 6.22இல் ஒரு பகுதி 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. பென்டியம் 3க்கு 32 ஜிபிக்குள் ஒரு அட்டை வாங்கினால் இந்த வம்பு எதுவும் வராது.

கேம் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, இசை மட்டும் வரவில்லை. ஏன்?

இதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தேன். டிரைவரை மூன்று முறை மாற்றினேன், கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன், விண்டோஸையே மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால் சிடி டிரைவின் பின்னால், ஐடிஇ கேபிளுக்குப் பக்கத்தில், நான்கு ஊசிகள் வெறுமனே நின்றுகொண்டிருந்தன. 1996இன் குவேக் போன்ற கேம்களில் இசை, சாதாரண ஆடியோ சிடியின் பாட்டாகவே அந்த வட்டில் இருக்கும். டிரைவே அதை வாசித்து, மெல்லிய ஒரு ஆடியோ கேபிள் வழியாக சவுண்ட் கார்டுக்கு அனுப்பும். அந்தக் கேபிள் இல்லையென்றால் இசையும் இல்லை. அதனால் பின்னால் அந்த நான்கு ஊசி உள்ள ஐடிஇ டிரைவாகப் பார்த்து வாங்குங்கள்.

புதிய பவர் சப்ளை ஒத்துவருமா?

பென்டியம் 2, 3க்குப் பெரும்பாலும் ஒத்துவரும். 24 ஊசி கனெக்டர் 20 ஊசி சாக்கெட்டில் உட்காரும், நான்கு வெளியே தொங்கும், பரவாயில்லை. அத்லான் எக்ஸ்பி போர்டுகளில் மட்டும் கவனம்: பல போர்டுகள் செயலிக்கான மின்சாரத்தை 5 வோல்ட்டில் இருந்து எடுக்கும், இன்றைய சப்ளைகளோ பலத்தையெல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. லேபிளில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

486 காலத்து ஏடி சப்ளையில் இரண்டு தனித்தனி கனெக்டர்கள் வரும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும்.

மானிட்டர்?

இடமிருந்தால் சிஆர்டி, அந்தப் பழைய பருமனான குழாய் மானிட்டர். டாஸ் கேம்களின் 320க்கு 200 படம் நொடிக்கு 70 முறை வரையப்படுவது. 60இல் ஓடும் எல்சிடியில் பக்கவாட்டில் நகரும் காட்சிகள் லேசாகத் திக்கும். அதே படம் 4:3 திரையை நிரப்ப வரையப்பட்டதால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் உயரமானது. அகலத் திரையில் இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். சிஆர்டிக்கு வழியில்லை என்றால் 4:3 எல்சிடி தேடுங்கள். சிஆர்டியின் உள்பக்கத்தை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழைய போர்டு வாங்கும்போது கண்ணில் பட வேண்டியவை?

இரண்டு. முதலாவது பேட்டரி. 386, 486 போர்டுகளில் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பீப்பாய் வடிவத்தில் ஒரு பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசியும், கசிந்தே தீரும். எனக்கு வந்த ஒரு 486 போர்டு படத்தில் பளபளத்தது. கையில் எடுத்தால் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பொருக்கு, மீன் வாடை. போர்டு உயிரோடிருந்தது, கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சில் வினிகரைத் தொட்டுத் துடைத்தேன். நுரைத்தது. பிறகு தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கழுவிக் காயவைத்துப் பார்த்தால், பச்சைப் பூச்சுக்கு அடியில் தலைமுடி மாதிரி ஒரு செம்புக்கோடு பாதியில் கரைந்துபோயிருந்தது. மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்ததும் கீபோர்டு பேசியது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, அதனால் அந்த மூலையின் தெளிவான படம் இல்லாமல் வாங்காதீர்கள்.

இரண்டாவது கெப்பாசிட்டர்கள். 1999க்குப் பிறகு சில ஆண்டுகள் தரமற்ற கெப்பாசிட்டர்கள் பல போர்டுகளில் புகுந்தன. செயலியைச் சுற்றியுள்ள உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதோ கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியிருக்கும். பற்றவைக்கத் தெரியாதென்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எக்ஸ்பி கம்ப்யூட்டர் தனியாக வேண்டுமா?

2002 முதல் 2007 வரையிலான கேம்கள் பட்டியலில் நிறைய இருந்தால், ஆமாம். சுலபமான வேலையும் இதுதான். கோர் 2 டுவோ, 2 அல்லது 3 ஜிபி ராம், எக்ஸ்பிக்கு டிரைவர் உள்ள ஏதாவது ஒரு என்விடியா கார்டு, அதோடு சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ்-ஃபை. விஸ்டா வந்தபோது சவுண்ட் கார்டின் நேரடி முப்பரிமாண ஒலிக்கான வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. அந்த ஒலியை இயல்பாகக் கேட்க எக்ஸ்பிதான் கடைசி.

எல்லாம் வந்தாயிற்று. எதை முதலில் மாட்டுவது?

கேஸுக்குள் எதையும் மாட்டாதீர்கள். ஒரு அட்டைப் பெட்டி மேல் போர்டை வைத்து, செயலி, ஃபேன், ஒரே ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு, சின்ன ஸ்பீக்கர், இவ்வளவு மட்டும் இணைத்து மின்சாரம் கொடுங்கள். ஒரு குட்டை பீப் வந்தால் நல்லது. அவார்டு பயாஸில் ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் வந்தால் கிராபிக்ஸ் கார்டு சரியாக உட்காரவில்லை, எடுத்து, தங்க விளிம்பை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி செருகுங்கள். பயாஸ் திரை வந்த பிறகு டிஸ்க், விண்டோஸ், கிராபிக்ஸ் டிரைவர் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். சவுண்ட் கார்டைக் கடைசியில் போடுங்கள். ஐஆர்க்யூவுக்கு எப்போதும் சண்டை போடுவது அதுதான், மற்றவை இடம் பிடித்துவிட்ட பிறகு வந்தால் சண்டை யாரோடு என்றாவது தெரியும்.